குடுமியான்மலை டவுன் பஸ்ஸில் பிடிபட்ட சேவல்

போன பதிவின் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எல்லா ஊருக்கும் பஸ்ஸிலேயே போகிறீர்கள். கூட்டமான டவுன் பஸ்ஸில் பெண்கள் தனியாகப் போகலாமா?" இரண்டு வரியில் பதில் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் புதுக்கோட்டைப் பயணம் வந்துவிட்டது. இப்போது பதில் நீண்டுவிட்டது. அதில் ஒரு சேவலும் வருகிறது.

பயணத்துக்குக் காரணம் என்னுடன் வேலை பார்க்கும் ஒரு தமிழாசிரியை. நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டின் முன்னால் நின்றால் உடம்பு சிலிர்க்கும் என்று அவர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. படிக்கத் தெரியாத எழுத்தில், கேட்கத் தெரியாத ஸ்வரத்தைப் பாறையில் வெட்டி வைத்திருந்தால் எதற்குச் சிலிர்க்க வேண்டும் என்று கேட்டேன். "போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்றார். கடந்த பிப்ரவரியில் தேர்வுப் பணிக்காகத் திருச்சி போனபோது ஒரு நாள் மிச்சமானது. கிளம்பினேன்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறரைக்கு ஏறி ஏழே முக்காலுக்கு இறங்கினேன். டிக்கெட் ஐம்பது ரூபாய். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, அறுபது ரூபாய். பரிமாறியவர் இந்த ஊருக்கு வந்து, அவித்த முட்டையை மசாலாவில் பிரட்டித் தரும் முட்டை மாஸ் சாப்பிடாமல் போவது சரியில்லை என்றார். காலை எட்டு மணிக்கா என்றேன். "எட்டு மணிக்குச் சாப்பிட்டா எறங்காதுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இருந்தாலும் இட்லியோடு நிறுத்திக்கொண்டேன்.

குடுமியான்மலை அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். நான் ஏறியது மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ். எட்டரைக்குக் கிளம்பும் என்றார்கள், எட்டு ஐம்பதுக்குக் கிளம்பியது. பேருந்து எண்ணையும் வழியில் வரும் நிறுத்தங்களின் பெயர்களையும் வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

உட்கார இடமில்லை. பின்வாசலுக்கு இரண்டு இருக்கை முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து இருக்கையின் ஓரத்தில், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஓர் அம்மா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளர், பெயர் செல்வமேரி. இதையெல்லாம் நான் கேட்கவில்லை; அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது பேருந்துக்கே கேட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, "பையக் குடுங்க, மடியில வச்சுக்கிறேன்" என்றார்.

இந்தப் பழக்கத்தைத் தெரியாதவர்களுக்காக: கூட்டமான பேருந்தில் நிற்பவர்களின் சுமை உட்கார்ந்திருப்பவர்களின் மடிக்குப் போய்விடும். பை, டிபன் கேரியர், சில சமயம் பிள்ளைகூட. யார் எவர் என்று விசாரிப்பதில்லை. நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. "பரவாயில்லைங்க" என்று பையை இறுக்கிக்கொண்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவருக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. நாற்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி. கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதிலிருந்து ஒரு சேவல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் துணி முடிந்திருந்தது.

"அக்கா, இதக் கொஞ்சம் வச்சுக்கங்க" என்றார்.

செல்வமேரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "கொத்துமா?"

"சாதுக்கா. நேந்துவிட்டது. மத்தியானம் குலசாமிக்குப் பூசை."

அதற்கடுத்த நிறுத்தத்தில் ஒரு மாணவி ஏறினாள். நர்சிங் படிப்பவள்; பத்தொன்பது வயதிருக்கும். சீருடையின் நிறத்தையும் எழுதப் போவதில்லை. எனக்கு முன்னால் வந்து நின்றாள். கட்டைப்பைக்காரர் மெல்ல நகர்ந்து அவளுக்குப் பின்பக்கமாக, எனக்கு இடது கைப்பக்கம் நிலைகொண்டார்.

வருடக்கணக்காகப் பேருந்தில் போய்வரும் எந்தப் பெண்ணும் இந்த ஆட்களைத் தரம் பிரித்துவிடுவாள். தூங்கித் தூங்கி மேலே விழுகிறவர் ஒரு வகை. தன் நிறுத்தம் வரும்போது மட்டும் தானாக விழித்துவிடுவார். செய்தித்தாளை விரித்து அதன் அடியில் முழங்கையை வளர்ப்பவர் இன்னொரு வகை. செல்போன் வந்தபின் இந்த வகை குறைந்துவிட்டது. வாசிப்புப் பழக்கம் எல்லாத் துறையிலும்தான் குறைகிறது. மூன்றாவது வகை, ஓட்டுநர் பிரேக் போடுவதற்காகக் காத்திருப்பவர்.

இவர் மூன்றாவது வகை. ஆனால் இயற்பியல் படிக்காதவர். பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாயும். வேகமெடுத்தால் பின்னால் சாயும். மொத்தப் பேருந்தும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டு ஆடிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் பிரேக்குக்கும் அந்தப் பெண்ணின் மேல் சாய்ந்தார், வேகத்துக்கும் அவள் மேல் சாய்ந்தார், ரயில்வே கேட்டில் பேருந்து அசையாமல் நின்றபோதும் அவள் மேல் சாய்ந்தார். அதன் பிறகு கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அது கம்பியில் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம்மா" என்றாள், உதடு அசையாமல். "எங்க ஊரு ஆளுக ரெண்டு பேரு வண்டில இருக்காங்க. என் பேரு வெளிய வந்தா எங்கப்பா நாளைலருந்து அனுப்ப மாட்டாரு. எங்க பெரியப்பா மகளுக்கு இப்படித்தான் படிப்ப நிறுத்துனாங்க."

"அதற்காக?"

"இன்னும் ஒரு வருசந்தாம்மா. முடிச்சிருவேன்."

ஒரு வருடம் இந்தக் கையோடு போய்வருவதாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த பிரேக் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நள்ளிரவில் அம்மியைப் போட்டு இழுத்தாலும் காலையில் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுகிற ரகம். அன்றைக்கு என்னிடமிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

"என் மேலேருந்து கையை எடுங்க!"

பேருந்து முழுக்கத் திரும்பியது. செல்வமேரி அண்ணாந்து பார்த்தார். "கைய எடுங்கன்னு மரியாதையாச் சொன்னா எப்புடி டீச்சர் எடுப்பான்? எடுடான்னு சொல்லுங்க." நான் டீச்சர் என்று அந்தப் பன்மையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளை வேட்டிக்காரர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். செய்யாத குற்றத்துக்கு மாட்டியவரின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் அருகில் பார்த்தேன். "நானா? ஒங்களையா?" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். நிறுத்தவில்லை. "ஏங்க, ஒங்க வயசுக்கு ஒங்களப் போயி நான் ஏங்க..."

பேருந்தில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டிய பெண்கள்.

"என்னது, வயசா?" என்று முன்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அப்ப வயசுப் புள்ளைன்னா கை வப்பீகளோ?"

"யோவ், எங்க வயசுக்கு என்னய்யா கொறச்சல்?"

"நான் காசு குடுத்து டிக்கெட்டு எடுத்து வாரேன். ஓசில வர்ற நீங்கள்லாம் என்னையப் பேசுறீகளா?" என்றார் அவர்.

"டிக்கெட்டு நின்னுக்கிட்டு வாரதுக்குடா. தடவிக்கிட்டு வாரதுக்கில்ல" என்றார் செல்வமேரி.

அதன்பின் சாட்சிகள் வரத் தொடங்கினார்கள். "நான் பாத்தேன், அந்த டீச்சர் இடுப்புல கை வச்சான்" என்றார் ஒருவர். "பஸ் ஸ்டாண்டுலருந்தே இதே வேலையாத்தான் வாரான்" என்றார் இன்னொருவர். வேட்டிக்காரர் பஸ் ஸ்டாண்டில் ஏறவே இல்லை. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஓர் அம்மா, முன்வாசல் பக்கத்திலிருந்து, "நானே ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றார். நடக்காத ஒன்றை இத்தனை பேர் இத்தனை விவரமாகப் பார்த்திருந்தது என்னைக் கொஞ்சம் கலங்கடித்தது. ஆனால் மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

கண்டக்டர் இளைஞர். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "கூட்டம்னா முன்னப் பின்ன படத்தாம்மா செய்யும், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று தொடங்கி, தன்னைச் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்து, அதே மூச்சில், "இல்லன்னா வண்டிய ஸ்டேஷனுக்கு விட்ருவோமா?" என்று முடித்தார்.

"விடு, விடு" என்றது பேருந்து.

என் மணிக்கட்டில் நகம் இறங்கியது. ஸ்டேஷன் என்றால் யார் எங்கே நின்றீர்கள் என்று கேட்பார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணின் பெயர் என்ன, ஊர் என்ன, அப்பா பெயர் என்ன என்று எழுதுவார்கள். பேருந்தின் உட்சுவரில் பெண்களுக்கான உதவி எண் ஒட்டியிருந்தது. அதன் கடைசி இலக்கங்களை ஒரு மூல வைத்தியசாலை விளம்பரம் மறைத்திருந்தது.

"வேண்டாம். கோயில் நடை சாத்திவிடுவார்கள், நான் போக வேண்டும்" என்றேன். எனக்கே கேவலமாகப்பட்ட காரணம். பேருந்துக்குப் பெரும் ஏமாற்றம். "படிச்சவங்களே இப்புடிப் பயந்தா..." என்றார் ஒருவர்.

இந்த இடைவெளியில் எப்போதும் நடப்பது நடந்தது. ஒரு நிறுத்தத்துக்காக வண்டி வேகம் குறைந்தது. வெள்ளை வேட்டி பின்வாசலில் குதித்து இறங்கி, வேகமாக நடந்து, புளியமரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் போவார்கள். அடுத்த வண்டியில் ஏறுவார்கள், நாளைக்கும் ஏறுவார்கள்.

அப்போது செல்வமேரியின் மடியில் சேவல் கூவியது.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார். எல்லாரும் சேவலைப் பார்த்தோம். பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது புளியமரத்துக்கு அப்பால் வேட்டி நின்றுவிட்டது. கையைப் பார்த்துக்கொண்டது. பிறகு ஓடி வந்தது.

"அக்கா! சேவலு!" ஜன்னலுக்கு வெளியே அவர் முகம் தெரிந்தது. "சேவலக் குடுங்கக்கா!"

"அக்காவா? இப்பத்தான எங்க வயசெல்லாம் சொன்ன?" செல்வமேரி கட்டைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டார். "டீச்சர்ட்ட மன்னிப்புக் கேளு. அப்பறம் வாங்கிக்க."

இங்கே சில பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருவர், "மேரியக்கா, அது நேந்துவிட்டதுக்கா. சாமி குத்தமாயிரும்" என்றார். நேர்ந்துவிட்ட சேவலுக்குப் பதில் வேறு சேவல் வைக்க முடியாது. அது அந்தச் சாமியினுடையது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் வராது.

"நான் வேதக்காரி" என்றார் செல்வமேரி. "ஒங்க சாமி எங்கிட்ட எதுக்கு வருது? வந்தாலும் நாயத்தைச் சொல்லிக்கிறேன்."

வெளியே அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார். "ஆங், மச்சான்... வந்துக்கிட்டே இருக்கேன்... சேவலா? இருக்கு. கையிலதான் இருக்கு." சேவல் ஜன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தது. "ஆமா, எல்லாரும் கோயில்லயே இருங்க." வைத்துவிட்டு, "அக்கா, மாமனார் வீட்டு ஆளுக எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க, மானம் போயிரும்க்கா" என்றார்.

"ஒனக்கும் இருக்கா அது? பரவால்லயே."

இதுவரை ஒரு வார்த்தை பேசாத ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். "முடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் டயரப் பாத்துட்டு வாரேன்" என்று இறங்கி, நன்றாக இருந்த டயரை நீண்ட நேரம் பார்த்தார்.

மன்னிப்பு மூன்று தவணையில் வந்தது. முதலில் சேவலைப் பார்த்து, "சரிங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். "சேவலயா தடவுன?" என்றார் செல்வமேரி. அடுத்தது என்னைப் பார்த்து, ஆனால் வாய்க்குள். "முன்வாசலுக்குக் கேக்கலயாம்" என்றார் மறுபடி செல்வமேரி. மூன்றாவது உரக்க வந்தது: "தப்புத்தாம்மா. மன்னிச்சுக்கங்க. இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன்." ஏற மாட்டேன் என்பது யாரும் கேட்காமல் அவராகச் சேர்த்தது.

நான் ஜன்னலோரத்தில் நிற்கவில்லை. எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அந்தப் பெண் நின்றிருந்தாள். மூன்றாவது மன்னிப்பு அவளைத் தாண்டித்தான் என்னிடம் வந்தது. அவள் தலையைக் குனியாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

சேவல் ஜன்னல் வழியாகக் கைமாறியது. கட்டைப்பை செல்வமேரியின் புடவையில் ஒரு கறையை விட்டுப் போயிருந்தது. அவர் அதைத் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துத் துடைத்தபடி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்போது என் காதருகே குனிந்தார்.

"ஒங்க மேல அவன் கை படவே இல்ல டீச்சர். நான் ஒக்காந்திருந்த எடத்துலருந்து நேராத் தெரியும். அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லி வைங்க, நான் தெனமும் இதே வண்டிதான்."

பார்க்காத அத்தனை பேரும் சாட்சி சொல்லியிருந்தார்கள். உண்மையில் பார்த்த ஒரே ஆள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் படிக்கும் இடம் இன்னும் தள்ளி. நான் குடுமியான்மலையில் இறங்கினேன். என்னோடு இறங்கிய ஒருவர், அந்தப் பெண்ணின் ஊர்க்காரராம், கைகூப்பினார். "நம்ம ஊருப் புள்ளைக தனியா வர்ற வண்டிங்க இது. நல்ல வேளை, அவன் ஒங்க மேல வச்சான்." நானும் நல்ல வேளை என்றுதான் சொன்னேன்.

கோயில் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான். நுழைவுக் கட்டணமில்லை. மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிலைகள். விரல் நகம்வரை செதுக்கியிருக்கிறார்கள். குடைவரையின் பக்கத்துப் பாறையில்தான் இசைக் கல்வெட்டு. வரிவரியாக, பத்தி பிரித்து, நன்றாகத் தேர்வு எழுதிய மாணவனின் விடைத்தாள் போல இருக்கிறது. ஓர் எழுத்தும் புரியவில்லை. கால் மணி நேரம் நின்றேன். சிலிர்க்கவில்லை. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. எனக்கு அதுவே அதிகம்.

மூலவர் சன்னதியில் குருக்கள் பெயர்க்காரணம் சொன்னார். சாமிக்குச் சாத்த வேண்டிய மாலையை அர்ச்சகர் தன் பிரியத்துக்குரிய பெண்ணுக்குச் சூட்டிவிட்டார். அதற்குள் ராஜா வந்துவிட, அதே மாலையைக் கழற்றி அவருக்குப் பிரசாதமாகக் கொடுத்தார். மாலையில் ஒரு நீளமுடி. ராஜா கேட்க, சாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் புளுகிவிட்டார். காட்டு என்றார் ராஜா. அர்ச்சகரைக் காப்பாற்ற லிங்கத்துக்குக் குடுமி முளைத்தது.

"பொய்க்கா சாமி துணை போச்சு?" என்று கேட்டேன்.

"யாரக் காப்பாத்தணும்னு சாமிக்குத் தெரியாதாம்மா?" என்று சொல்லித் தீபத்தை உயர்த்தினார். "அங்க பாருங்க, குடுமி. தெரியுதுங்களா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் கறுப்புக் கண்ணாடி அம்மா பேருந்தின் அந்தக் கோடியிலிருந்து எனக்காகச் சொன்ன சாட்சி நினைவுக்கு வந்தது. "நல்லாத் தெரியுது" என்றேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலையிலேயே போய்விடுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுகிறார்கள். குடைவரை பூட்டியிருந்தால் அங்கே இருப்பவர்களிடம் கேட்டால் திறந்துவிடுவார்கள். சாப்பாடு கையில் எடுத்துப் போவது நல்லது. நான் ஒரு பெட்டிக்கடையில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வாங்கினேன், நாற்பது ரூபாய். எலுமிச்சையைத் தேட வேண்டியிருந்தது. தொப்பி வேண்டும், பாறை கொதிக்கிறது. முட்டை மாஸைத் திரும்பி வந்து சாப்பிட்டேன். சர்வர் சொன்னது சரி.

திரும்பும் பேருந்து மாலை நாலே முக்காலுக்கு வந்தது. காலையைவிடக் கூட்டம். ஏறிக் கம்பியைப் பிடித்ததும் கீழேயிருந்து, "பையக் குடுங்கம்மா" என்று ஒரு குரல். அதே பெண், ஜன்னலோரத்தில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து இடம் தர வந்தவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பையைக் கொடுத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னாள். "காலைல எங்க ஊரு சித்தப்பா அப்பாவுக்குப் போன் பண்ணிட்டாரும்மா."

நான் அவள் பக்கமாகக் குனிந்தேன். "என்ன என்று?"

"பஸ்ல எவனோ ஒரு டீச்சரம்மாட்ட வம்பு பண்ணிட்டானாம், பொம்பளைக எல்லாஞ் சேந்து சேவலப் பறிச்சு வச்சுக்கிட்டு அவனக் கதற விட்டாங்களாம்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "அந்த வண்டி மாதிரிப் பத்திரம் வேற கெடையாது, ஒம் மகள அதுலயே போகச் சொல்லுன்னாராம். அப்பா எங்கிட்ட சொல்றாரு, வேற பஸ்ல ஏறாதங்கறாரு."

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்கு டெஸ்ட்டும்மா" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல.

வாசகிக்குப் பதில்: போகலாம். யாராவது கையை வைத்தால் சத்தம் போடுங்கள். மரியாதைப் பன்மை தேவையில்லை. ஸ்டேஷனுக்குப் போக முடிகிறவர்கள் போங்கள், போக வேண்டும். என்னால் அன்று முடியவில்லை, காரணம் சொல்லிவிட்டேன். யாராவது மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

கோவை திரும்பியதும் தமிழாசிரியை, "சிலிர்த்ததா?" என்று கேட்டார். சிலிர்த்தது என்றேன். கல்வெட்டின் எந்த வரியில் என்று கேட்டார். அதற்கு முன்னாலேயே, பஸ்ஸில் என்றேன்.